வலியைத் தேடிய மருத்துவர்

மருத்துவரிடம் செல்பவர்களில் பெரும்பாலோர் வலியைப் போக்கும்படி கேட்டுத்தான் செல்கின்றனர். வலி நின்றால் நோயும் நின்றது என்று நிம்மதி கொள்வது மனித இயல்பு. ஆனால், வலியை இழந்துவிட்ட மனிதர்களிடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றி, இழந்த வலியை அவர்களுக்குத் திருப்பித் தர வழியுண்டா என்று தேடிய அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். தமிழகத்தின் கொல்லிமலையில் வளர்ந்த அவர் பெயர் பால் பிராண்ட்.

தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை நிமிர்த்தியவராகவே உலகம் அவரை அறியும். சர்க்கரை நோயால் கால்களில் உணர்ச்சி குன்றி வாழ்வோருக்கும் அவர் ஒரு பாடத்தை விட்டுச் சென்றிருக்கிறார். சர்க்கரை நோயாளிகள் மிகுந்த நம் நாட்டில் அந்தப் பாடம் இன்னும் முழுமையாகக் கற்கப்படவில்லை.

பால் பிராண்ட் 1914 ஜூலை 17-ஆம் தேதி பிறந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ சமயப் பணியாளர்களான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் அவருடைய பெற்றோர். கொல்லிமலையில் மருத்துவ வசதி ஏதுமில்லாத காலம் அது. அடிப்படை மருத்துவப் பயிற்சி மட்டுமே பெற்றிருந்த ஜெஸ்ஸி, பல் பிடுங்குவது முதல் காலில் புகுந்த நரம்புச் சிலந்திப் புழுவை வெளியே எடுப்பது வரை எல்லாவற்றையும் செய்தார். ஒரு நாள் தொழுநோயாளிகள் சிலர் மலையேறி வந்தபோது, குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, கையுறை அணிந்துகொண்டு அவர்களுடைய பாதப் புண்களுக்கு அவர் கட்டுப் போட்டார். எந்த நோயாளிக்கும் தயங்காத தந்தை, அன்று மட்டும் கையுறை அணிந்த காட்சி சிறுவன் பாலின் மனதில் பதிந்தது. பிற்காலத்தில் கையுறையின்றி அத்தகைய கைகளைப் பற்றப்போவது தானே என்று அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒன்பதாவது வயதில், 1923-இல், அவர் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொல்லிமலையிலேயே பலிகொண்டது. தாய் ஈவ்லின் முதுமையிலும் மலைக் கிராமங்களிடையே பணியாற்றி, 1974-இல் தம் 95-ஆவது வயதில் மறைந்தார்.

தந்தையின் மருத்துவத்தில் கண்ட ரத்தமும் சீழும் பாலுக்கு அந்தத் தொழிலின் மீதே வெறுப்பை உண்டாக்கியிருந்தன. எனவே அவர் கட்டடத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் பயின்றார். பின்னர் மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக் காலத்தில் அறுவை சிகிச்சையில் தேர்ச்சி பெற்றார். உடன் பயின்ற மார்கரெட்டை 1943-இல் மணந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆள் தேடி வந்த தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று, 1946-இல் தமிழகம் திரும்பினார்.

அவருடைய வாழ்வின் திருப்பம் 1947-இல் செங்கல்பட்டில் நேர்ந்தது. நகரை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றி, முடிந்தவரை அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். செயலற்றது என்று அவர் நினைத்த அந்தக் கையின் பிடி அவரை வலியால் துடிக்கச் செய்தது. நிமிர்க்கும் தசைகள் செயலிழந்திருந்தாலும், மடக்கும் தசைகள் முழு வலிமையுடன் இருந்தன. அப்படியானால், வலுவுள்ள தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தி இந்த விரல்களை நிமிர்த்தலாமே என்ற எண்ணம் எழுந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கானோரை முடமாக்கிய நோயை எலும்பு, மூட்டு அறுவை மருத்துவர் எவரும் அதுவரை ஆராயவில்லை என்பது அவருக்கு வியப்பளித்தது.

தொழுநோயாளிகளைப் பொது மருத்துவமனைகள் அனுமதிக்க மறுத்த காலம் அது. எதிர்ப்பைக் கடந்து, அடுத்த ஆண்டே அவர் வேலூரில் கை சீரமைப்பு அறுவை சிகிச்சைகளைத் தொடங்கினார். சீரான கைகளுடன் வெளியேறியவர்களுக்கு வேலை தர யாரும் முன்வரவில்லை. கை நேரானதால் பிச்சையும் குறைந்துவிட்டது. எனவே 1951-இல் அவர்களுக்கென்று தொழிற்பயிற்சியுடன் கூடிய குடியிருப்பு ஒன்று வேலூரில் உருவானது. இளமையில் கற்ற தச்சு வேலை அங்கே பிராண்டுக்குக் கைகொடுத்தது.

அதே காலத்தில் தொழுநோய்க்கு முதன்முறையாகத் திறன் வாய்ந்த மருந்து கிடைத்திருந்தது. மரோட்டி எண்ணெயை நம்பியிருந்த மருத்துவ உலகுக்கு, 1940-களில் வந்த சல்ஃபோன் மருந்துகள் பெரும் வரம். நோய்க் கிருமிகள் அடங்கின. ஆனால், கிருமி அடங்கிய நோயாளிகளின் விரல்கள் அதன்பிறகும் குட்டையாகிக் கொண்டே போயின. பாதங்களில் புதிய புண்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. மருந்து வேலை செய்கிறது. உடல் மட்டும் ஏன் அழிகிறது? இந்தக் கேள்விதான் பிராண்டை உலகறியச் செய்தது.

அதற்கான விடை மருத்துவ நூல்களில் இல்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். தரையில் சிந்திய ரத்தத்துளியைக் கண்டு அவனுடைய கையைப் பார்த்தபோது, சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது. அவனோ அதை உணரவே இல்லை. வலி நம்மை எச்சரிப்பதால் நாம் பாதியில் விட்டுவிடும் செயலை, எச்சரிக்கை கிடைக்காத அந்தச் சிறுவன் முடித்துவிட்டான். இரவில் உறங்குவோரின் விரல் மறுநாள் காலையில் காணாமல் போன மர்மத்தையும் பிராண்டின் குழு துலக்கியது. எலிகள் கடித்துத் தின்றபோதும் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவோருடன் ஒரு பூனையும் அனுப்பப்பட்டது.

தொழுநோய் சதையைத் தின்பதில்லை; அது நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறது; உணர்விழந்த உறுப்பை அன்றாட வாழ்வே சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. நூற்றாண்டுகளாக நிலவிய நம்பிக்கையைப் புரட்டிப் போட்ட இந்த முடிவுக்கு வந்த பிராண்ட், நோயாளிகள் தினமும் மாலையில் தங்கள் கை கால்களைச் சோதிக்க வேண்டும் என்ற நடைமுறையைக் கொண்டுவந்தார்.

ஒருமுறை அவரே அந்த அச்சத்தை அனுபவித்தார். அமெரிக்காவிலிருந்து நெடும் பயணம் மேற்கொண்டு, காய்ச்சலுடன் லண்டன் விடுதிக்கு வந்து சேர்ந்த இரவில், தமது குதிகாலில் உணர்ச்சி இல்லாததை அவர் கண்டார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தொழுநோய் தமக்கும் தொற்றிவிட்டதென்று எண்ணி இரவெல்லாம் கலங்கினார். மறுநாள் காலை மீண்டும் குத்தியபோது சுரீரென்று வலித்தது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவே. அந்த ஊசியின் வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். வலி ஒரு கொடை என்ற எண்ணம் அன்று முதல் அவரை விட்டு நீங்கவில்லை.

பாதப் புண்களே அவருக்குப் பெரும் சவாலாக இருந்தன. களிம்பு தடவியும் மருந்து கொடுத்தும் ஆறாத புண்கள், காலுக்குப் பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்டதும் ஆறின. இம்முறையை 1930-களிலேயே இலங்கையில் தொழுநோய்ப் புண்களுக்குக் கையாண்டவர் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர். பாதம் முழுவதும் ஒட்டிப் பொருந்தும் அந்தக் கட்டு, உடலின் எடையைப் புண்ணின் மீது மட்டும் இறங்கவிடாமல் பாதம் முழுவதும் பரப்புகிறது. புண் ஆறிய பின் மீண்டும் வராமல் தடுக்க, மென்மையான செருப்பு தேவைப்பட்டது. வேலூரிலும் அதையடுத்த கரிகிரியிலும் நடந்த முயற்சிகளின் பயனாகப் பரவலானதே, இன்று நம் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று அழைக்கப்படும் நுண்துளை ரப்பர் காலணி.

பாராட்டுகள் தேடி வந்தன. 1952-இல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹன்டேரியன் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதைப் பெற்றார். 1966-இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் மறுவாழ்வுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார்.

அமெரிக்காவில் தொழுநோயாளிகள் மிகக் குறைவு. ஆனால், வேலூரில் அவர் பார்த்துப் பழகிய அதே பாதங்கள் அங்கேயும் கண்ணில் பட்டன. பெருவிரலின் அடியில் அதே வட்டப் புண், அதே வளைந்த விரல்கள், அதே வலியின்மை. அவை சர்க்கரை நோயாளிகளின் பாதங்கள். ரத்த ஓட்டம் குறைந்ததால்தான் இப்புண்கள் வருகின்றன என்று பல மருத்துவர்கள் கருதினர். தொட்டுப் பார்த்தால் அவற்றில் பல பாதங்களில் நாடி நன்றாகவே துடித்தது. குறைந்திருந்தது உணர்ச்சி.

ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, நரம்புகளையும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய ரத்த நாளங்களையும் ஒருசேரப் பாதிக்கிறது. உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் நலிவதால் பாதங்களே முதலில் மரத்துப்போகின்றன. பாதத்தின் சிறு தசைகள் தளர்ந்து விரல்கள் வளைகின்றன. வியர்வை நின்று தோல் வறண்டு வெடிக்கிறது. எடை ஓரிடத்தில் குவிந்து தோல் தடிக்கிறது. நாம் நடக்கும்போது ஓரிடம் நொந்தால், அறியாமலேயே நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறோம். உணர்விழந்தவர் அப்படி மாற்றுவதில்லை; ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதிக்கிறார். தாங்கக்கூடிய அளவான அழுத்தம்கூடத் திரும்பத் திரும்ப நேர்ந்தால் திசுவை அழற்சியுறச் செய்து, புண்ணாக்கிவிடும் என்பதைக் கார்வில் ஆய்வகத்தில் எலிகளின் பாதங்களைக் கொண்டு பிராண்டின் குழு நிறுவியது. பெரிய நாளங்களும் அடைபட்டிருந்தால், வந்த புண் ஆறுவதும் அரிதாகிறது. காலை இழக்கும் சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் நால்வருக்கு மேல், அதற்கு முன் ஒரு சிறு புண்ணே தொடக்கமாக இருந்திருக்கிறது.

சாந்துக் கட்டு முறை கார்வில் வழியாகச் சர்க்கரை நோய் மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாந்துக் கட்டுப் போடப்பட்ட 21 பேரில் 19 பேருக்குச் சராசரியாக 42 நாள்களில் புண் ஆறியது. வழக்கமான கட்டுப் போடப்பட்ட 19 பேரில் ஆறு பேருக்கே ஆறியது. கிருமித் தொற்று கடுமையாக உள்ள கால்களுக்கும் ரத்த ஓட்டம் மிகவும் குன்றிய கால்களுக்கும் இம்முறை பொருந்தாது என்றாலும், உணர்விழப்பால் வரும் புண்ணுக்கு அழுத்தம் நீக்குவதே முதல் சிகிச்சை என்பது உறுதியானது.

பிராண்டின் வாழ்வில் தோல்வியும் உண்டு. உணர்விழந்த கை கால்களுக்குச் செயற்கை வலியை உருவாக்க அவர் முயன்றார். அழுத்தத்தை அறியும் கருவிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தி, ஆபத்து நேரும்போது ஒலி எழுப்பச் செய்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மெல்லிய மின் அதிர்ச்சி தரச் செய்தார். வேலையை முடிக்க வேண்டிய அவசரத்தில் அவர்கள் கருவியையே நிறுத்தினர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டது. உடல் தரும் வலிக்கு ஈடான ஒன்றை மனிதனால் செய்ய முடியவில்லை என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். வலியை யாரும் விரும்பாத கொடை என்று வருணித்த அவருடைய நூல் 1993-இல் வெளிவந்தது.

அதே ஆண்டில்தான் சர்க்கரைக் கட்டுப்பாட்டின் பயனை நிறுவிய பெரும் அமெரிக்க ஆய்வின் முடிவும் வெளியானது. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 1,441 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், இன்சுலினால் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நரம்பு பாதிப்பு ஏற்படுவது ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. ஆகவே, மருந்தின் இடம் மிகப் பெரியது. அது வருமுன் காப்பது. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகை நோயில் இந்தப் பயன் அந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ரத்த நாளங்களைப் பொருத்தவரை, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளும், தேவைப்படுவோருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளும் உயிர் காக்கின்றன. புகைப்பழக்கத்தை விடுவதும் இவற்றுக்கு இணையானது.

நலிந்துவிட்ட நரம்பின் கதை வேறு. பிராண்ட் 2003 ஜூலை 8-ஆம் தேதி சியாட்டில் நகரில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில், சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சலுக்கு டுலாக்ஸிடின், பிரிகாபலின் ஆகிய இரு மருந்துகளுக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. இரவெல்லாம் கால் எரிந்து உறக்கமிழந்தோருக்கு இவை ஆறுதல் தருகின்றன. ஆனால், இழந்த உணர்வை இவை மீட்பதில்லை. நரம்புக்கு என்று பரவலாக எழுதித் தரப்படும் பி12 மாத்திரை, அச்சத்து குறைந்தவர்களுக்கே உண்மையில் உதவும். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோரில் சிலருக்கு அந்தக் குறை ஏற்படக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனை செய்து அறிந்துகொள்வது நல்லது.

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கால் எரிச்சல் மருந்தினால் அடங்கலாம். நரம்பு முற்றிலும் நலிந்துபோவதாலும் அடங்கலாம். இரண்டையுமே குணம் என்று நோயாளி நினைத்துக்கொள்கிறார். செங்கல்பட்டில் கிருமி அடங்கியபின்னும் விரல்கள் அழிந்த அதே நிலை, மாத்திரைச் சீட்டு நிறைந்த நம் வீடுகளில் மீண்டும் அரங்கேறுகிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்கள் எங்கோ இருப்பவர்கள் அல்லர். மதுரை திருநகரை எடுத்துக்கொள்வோம். அதையடுத்த திருப்பரங்குன்றத்தில் பௌர்ணமிதோறும் பக்தர்கள் வெறுங்காலுடன் மலையை வலம் வருகின்றனர். கோடைப் பகலில் தார்ச்சாலையும் கோயிலின் கல்தளமும் எப்படிக் கொதிக்கும் என்பது மதுரைவாசிகளுக்குத் தெரியும். உணர்வுள்ள பாதம் நிழல் தேடி ஓடும். உணர்விழந்த பாதம் பொறுமையாக நடந்து வெந்துபோகும். கொப்புளம் கண்ணில் படுவது மறுநாளாக இருக்கலாம். வெயில் தாழ்ந்த நேரத்தில் நடப்பதும், கனமான பருத்திக் காலுறை அணிவதும், வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்ப்பதும் பக்திக்குக் குறைவாகிவிடாது.

கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பதும் நம் வழக்கங்கள். உணர்வு குன்றியவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்து. தினமும் இரவில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதற்கும், விரலிடுக்குகளை வீட்டார் ஒருவரைப் பார்க்கச் சொல்வதற்கும் செலவு ஏதுமில்லை. பாதத்தின் ஒரு பகுதி மற்றதைவிடச் சூடாக இருந்தால், புண் வரப்போகிறது என்பதன் முன்னறிவிப்பு அது. இதைச் சுட்டிக்காட்டியதும் பிராண்டின் குழுதான். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று அறியும் எளிய சோதனையை நெறிப்படுத்தியவர்களும் கார்வில் மருத்துவமனையினரே. இரண்டு நிமிடம் போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைத் தமிழக மக்களின் வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. அது பெரும் சாதனை. மாத்திரையைக் கையில் கொடுப்பவர் ஒரு நிமிடம் குனிந்து காலையும் பார்த்தால் அந்தச் சாதனை முழுமை பெறும். பாதம் காக்கும் சிகிச்சைப் பிரிவுகளும், எடையைப் பரப்பும் செருப்பும் மாவட்டத் தலைநகரங்களோடு நின்றுவிடாமல் வட்டார மருத்துவமனைகள் வரை வர வேண்டும்.

கால்கள் வெட்டப்படுவதைத் தடுக்கச் செய்யக்கூடிய மிகச் சிறந்த செயல் எது என்று அமெரிக்க சுகாதாரத் துறையினர் ஒருமுறை பிராண்டிடம் ஆலோசனை கேட்டனர். புதிய மருந்தையோ நுட்பமான அறுவை சிகிச்சையையோ அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஒவ்வொரு முறை நோயாளி வரும்போதும் அவருடைய காலணியையும் காலுறையையும் கழற்றச் செய்து, மருத்துவர் பாதங்களைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கூறிய யோசனை.

நம் ஊரில் அந்த வேலையில் பாதியை நம் பண்பாடே செய்து வைத்திருக்கிறது. மருத்துவரின் அறைக்குள் நுழையுமுன் செருப்பை வாசலில் கழற்றிவிடுகிறோம். பாதங்கள் திறந்தபடியே மருத்துவரின் எதிரில் இருக்கின்றன. மேசைக்கு மேலே ரத்தப் பரிசோதனைத் தாள் படிக்கப்படுகிறது, மாத்திரை எழுதப்படுகிறது. மேசைக்குக் கீழே இருப்பதை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கும்படி நோயாளியே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. கொல்லிமலையில் வளர்ந்தவர் விட்டுச்சென்ற சிகிச்சையில் மீதமிருப்பது அந்தப் பார்வை ஒன்றுதான்.